பித்தன் என்ற பெயரை ஏற்றவன்

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலில் வைகாசித் தேரோட்டத்தின்போது, வடம் பிடிக்க வருகிறவரிடம் 'உன் வீட்டில் யாருக்கு என்ன நோய்?' என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் தேர் நிலைக்கு வந்த பிறகு பேச்சு மாறிவிடுகிறது. 'அந்த வீட்டுப் பையனுக்குப் பித்து, அங்கே சம்பந்தம் வேண்டாம்' என்கிறோம்.

பித்து என்ற சொல்லை இறைவன் எப்படி ஏற்றான் தெரியுமா? சுந்தரரின் திருமணத்தில் முதியவராக வந்து, 'நீ எனக்கு அடிமை' என்று வழக்காடினான் ஈசன். கோபத்தில் சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசினார். திருவெண்ணெய்நல்லூரில் உண்மை வெளிப்பட்டதும், 'என்னை ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு' என்றான் இறைவன். ஆண்டவனே வெட்கப்படாத சொல்லைச் சொல்லி ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைக்கலாமா?

பாகூரிலிருந்து வெகு தூரமில்லை திருவதிகை. சூலை நோயால் துடித்து, கைவிடப்பட்ட நிலையில் வந்தார் நாவுக்கரசர். தமக்கை திலகவதியார், 'வேறு சமயம் போனவன்தானே' என்று கதவை அடைக்கவில்லை. திருநீறு தந்து, கூடவே கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் துணைதான் இன்றும் நோயாளிக்கு முதல் மருந்து.

துணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இது எந்த மதத்தின் குற்றமும் அல்ல. ஊர் என்ன சொல்லுமோ என்று உற்றாரைத் தூரத்தில் கொண்டுபோய் விட்ட நம் எல்லோருடைய பயமும் அதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது.

தூக்கமில்லாமை, தனியே பேசுதல், காரணமற்ற சந்தேகம், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இவையெல்லாம் 'காத்து கருப்பு' அல்ல. 'கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்பதும் தவறு. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதுபோல மனத்துக்கும் மருந்து உண்டு. கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாக, எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம்.

வேண்டுதல் செய்யுங்கள், வேப்பிலையும் அடியுங்கள். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், விரத நாளிலும்கூட. ஈசன் விபூதியைத் தருகிறான், வைத்தியநாதனாகவும் இருக்கிறான். இரண்டும் அவன் அருள்தான்.

அடுத்த பிரதோஷத்துக்குப் பாகூர் மூலநாதர் சந்நிதிக்குப் போகும்போது, ஊர் ஒதுக்கிய அந்த வீட்டுக்காரர்களையும் கூப்பிடுங்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பிரசாதம் கொடுங்கள். அதைவிடப் பெரிய அர்ச்சனை இல்லை.