சரியான கணக்கு போதுமா?

நம்ம பிள்ளைகள் பலர் இன்று பாயான் லெப்பாஸிலும் கூலிமிலும் சில்லுத் தொழிற்சாலைகளில் பொறியியலாளராக இருக்கிறார்கள். பத்து வருஷத்தில் மேனேஜர் பதவி வந்தால் “பெரிய ஆளாயிட்டான்”னு சொந்தக்காரங்க சந்தோஷப்படுவார்கள். சந்தோஷம்தான். ஆனால் பதவி உயரும்போது பொறுப்பின் அளவு மட்டுமா கூடுகிறது? அதன் தன்மையே மாறிவிடுகிறதே!

ஆண்ட்ரூ குரோவ் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1936-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 20 வயதில் அகதியாக அமெரிக்கா போனார். 1963-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் சிலிக்கான் ஆராய்ச்சி செய்தார். 1967-இல் அரைக்கடத்திகள் பற்றிப் பாடநூலே எழுதினார். 1968-இல் இன்டெல் தொடங்கியபோதே அதில் சேர்ந்து, 1987-இல் தலைமை நிர்வாகி ஆனார். 1972-இல் பினாங்குக்கு வந்த அதே இன்டெல்தான்.

1994-இல் அந்த நிறுவனத்தின் பென்டியம் சில்லில் ஒரு குறை தெரியவந்தது. வகுத்தல் கணக்குக்காக உள்ளே வைத்திருந்த அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. அதனால் சில எண்களை வகுக்கும்போது மட்டும் விடை கொஞ்சம் தப்பாக வரும். ஒரு கணிதப் பேராசிரியர் இதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னார்.

இன்டெல் என்ன சொன்னது தெரியுமா? சாதாரணமாகக் கணக்குப் போடுகிற ஒருவர் இந்தப் பிழையைச் சந்திக்க 27,000 வருஷம் ஆகும். எனவே, தேவை இருப்பதாகக் காட்டுபவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. மக்கள் கொதித்துப் போனார்கள். ஐபிஎம் நிறுவனம் அந்தச் சில்லு பொருத்திய கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் மாதக் கடைசியில், கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக இன்டெல் இறங்கி வந்தது. செலவு 47.5 கோடி டாலர்.

அந்த 27,000 வருஷக் கணக்கைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. குறையே இல்லாத சில்லு உலகத்தில் கிடையாது. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அளந்து பார்ப்பது பொறியியலாளரின் தொழில். அதில் பாவம் ஒன்றும் இல்லை. பிறகு தவறு எங்கே? “இந்தப் பிழை உனக்குப் பெரிசில்லை” என்று, காசு கொடுத்து வாங்கியவருக்காக விற்றவரே முடிவு செய்ததில்தான். ஆபத்தைச் சுமக்கப் போவது ஒருவர். “பரவாயில்லை” என்று சொல்வது இன்னொருவர். இது நியாயமா?

“நெருக்கடி வந்ததால்தானே குரோவ் பணிந்தார், இதில் அறம் எங்கே இருக்கு?” என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அவரை மகானாக்க வேண்டியதில்லை. அரைக்கடத்தியைக் கரைத்துக் குடித்த ஒருவருக்கே இந்தப் பாடம் வெளியிலிருந்துதான் வந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். 1996-இல் வெளியிட்ட நூலில் அவரே இந்தச் சம்பவத்தை விரிவாக எழுதினார்.

நாளை உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஒரு லாட் சரக்கு எல்லைக்கோட்டில் நிற்கும். அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருக்கும். “ஸ்பெக்குக்குள்ளதானே இருக்கு, விடுங்க” என்பார்கள். அளவுகள் சரியா என்று பார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது. இதை வாங்கப் போகிறவருக்கு இந்த விஷயம் தெரிந்தால் அவர் சம்மதிப்பாரா என்றும் கேளுங்கள். சம்மதிக்க மாட்டார் என்று தோன்றினால், அவரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் நிறுத்துங்கள். அந்தத் துணிவு இருப்பவருக்கே தலைவர் என்ற பெயர் பொருந்தும்.