கடிதத்தை ஆய்வு என்று சொல்லலாமா?

1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழின் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு குறிப்பு வெளியானது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மருத்துவமனையில் இருந்தபோது ஓபியாய்டு வகை வலிநிவாரணி ஒருமுறையாவது தரப்பட்ட 11,882 நோயாளிகளில், முன்பே போதைப் பழக்கம் இல்லாதவர்களுள் நான்கு பேர்தான் அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது அக்கடிதம். வீட்டிலிருந்தபடி மாதக்கணக்கில் அதே மருந்தை உட்கொள்பவர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

அக்கடிதத்தை 608 கட்டுரைகள் எடுத்துக்காட்டியிருப்பதை 2017இல் கனடா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவற்றில் 439, இம்மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்கு அதையே சான்றாக வைத்தன. நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற விவரத்தை 491 கட்டுரைகள் சொல்லவில்லை. ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்த பிறகு இந்த மேற்கோள்கள் பெருகின. ஓபியாய்டு மருந்துகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களைப் பறித்தன. அந்தப் பேரழிவுக்குக் காரணங்கள் பல. ஆராயாமல் கைமாறிய இந்த மேற்கோளுக்கும் அதில் பங்குண்டு.

ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சரியாக இருந்தாலும் வாசகரை ஏமாற்ற முடியும் என்பதை மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். வகுப்பில் பெரும்பாலும் மேற்கோள் குறிப்பில் காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்பதுதான் கற்பிக்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, ஆய்வேட்டில் பிற நூல்களோடு ஒத்த பகுதி 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. ஒப்புமை பார்க்கும் மென்பொருள் நகலெடுத்த வரியைப் பிடிக்கும். ஒரு கடிதத்தை ஆய்வென்று காட்டியதை அதனால் பிடிக்க முடியாது.

மூலத்தையே பார்க்காமல், வேறொருவர் நூலில் கண்ட அடிக்குறிப்பைத் தான் படித்ததுபோல எழுதுவதும் இதே வகை ஏமாற்றுதான். மாணவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பல சிற்றூர்க் கல்லூரி நூலகங்களில் வெளிநாட்டு இதழ்கள் இருப்பதில்லை. கட்டணம் செலுத்திப் படிக்கவும் வழியிருக்காது. வசதியின்மையைக் குற்றமாகப் பார்ப்பது கொடுமை. ஆனால் 'இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது' என்று எழுத ஒரு காசும் ஆகாது. அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் நெறியாளரும் தேர்வாளரும்.

நூலுக்குப் பதில் நேர்காணலைச் சான்றாகக் காட்டும்போது சிக்கல் வேறு. அச்சிட்ட நூலின் ஆசிரியர் பெயரை மறைப்பது திருட்டு. சாதி வன்முறையைப் பற்றிப் பேசிய ஒரு பெண்ணின் பெயரை வெளியிடுவதோ அவருக்கே ஆபத்தாகலாம். அங்கே பெயரை மாற்றலாம், மாற்றியிருப்பதை அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். கள நேர்காணல் என்பதும் அது நடந்த ஆண்டும் இடம்பெற்றால் போதும். ஊர்ப் பெயரே அவரைக் காட்டிக்கொடுக்கும் என்றால் அதையும் விட்டுவிடலாம்.