தாழியும் உயிரும்

மதுரைக்குத் தென்கிழக்கே, கீழடியை அடுத்த கொந்தகையில், பண்டையோர் இறந்தாரைத் தாழியிலிட்டுப் புதைத்த இடுகாடு உளது; 2,000 ஆண்டுகட்கு மேற்பட்டது. 2020 ஆம் ஆண்டு முதல் தமிழக அரசின் தொல்லியல் துறையார் ஆங்கு அகழ்ந்து, என்பும், கருப்பு சிவப்பு மட்கலங்களும், இரும்புக் கருவிகளும் கண்டனர். தலையோடுகள் இரண்டினைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் அமைத்த முகவுருவங்கள் 2025 இல் வெளிவந்தன.

இறந்தாரைத் தோண்டுதல் பாவமன்றோ என வினவுவாருமுளர். தூலவுடம்பு மாயாகாரியம், உயிர் சூக்கும உடம்போடு அன்றே நீங்கி, வினைக்கீடாக வேறு பிறவி எய்திற்று. ஆகலின் என்பைத் தீண்டுதலால் அவ்வுயிர்க்கு வருவதோர் ஊறில்லை. அதுவே இன்று மண்வெட்டி ஏந்தித் தன் பழைய உடம்பை அகழ்தலுங் கூடும்!

அற்றேல், என்பும் ஓட்டாஞ்சில்லும் ஒக்குமோ எனின், ஒவ்வா. நம் ஆதீனங்களிற் குருமூர்த்திகளை விபூதியும் வில்வமும் இட்டுச் சமாதி செய்யும் நாம், அவர்தம் உயிர் குழியுட் கிடப்பதாகக் கருதுகின்றிலம். எனினும் அவ்விடத்தை உழுவாரைப் பொறுப்போமோ? தாழியுட் சிறு கலங்களை வைத்து மூடிய கைகளின் அன்பு சடமன்று. வினையும் சடத்திற்கன்று, செய்வானுள்ளத்திற்கே உரித்து. கிடந்த நிலையைப் பதிந்து, அறிதற்பொருட்டு அகழ்வாரை யாம் குறை கூறேம். என்பைக் கண்டு நகைத்துச் செல்வாரே வினை ஈட்டுவர். முகவுருவமோ கழற்றிய சட்டையின் அளவு. உடுத்தவனை அது காட்டாது.

அறிவன அறிந்தபின், அவ்வென்புகளைக் காட்சிப் பெட்டியிற் கிடத்தாது கொந்தகை மண்ணிலேயே மீள அடக்குக என்பது எம் விண்ணப்பம்.