கருணையும் சட்டமும்

புனே நகரின் கேம்ப் பகுதி, ஆங்கிலேயர் தம் படைகளுக்கென அமைத்த கண்டோன்மெண்ட். அங்கே அகன்ற வீதிகள். சற்றுத் தொலைவில் பழைய நகரின் பேட்டைகளிலோ ஒடுங்கிய சந்துகள், நெருங்கிய வீடுகள். 1897-இல் பிளேக் நோய் அந்நகரை வாட்டியது. கிருமிக்கு ஏழை, செல்வர் என்ற பேதம் இல்லை. ஆயினும் நெரிசலும் அசுத்தமும் உள்ள இடத்தையே அது முதலில் நாடுகிறது.

அரசு வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதித்தனர். பூஜையறையின் புனிதமும் பெண்களின் மானமும் மதிக்கப்படவில்லை என்று மக்கள் குமுறினர். காக்க வந்த சட்டத்திற்கு அஞ்சிப் பலர் நோயையே மறைத்தனர். ஜூன் 22-ஆம் நாள் ராண்ட் சுடப்பட்டார்; பின்னர் உயிரிழந்தார். கருணையற்ற சட்டத்தின் கதை இது.

அதே நகரில் சாவித்திரிபாய் புலே என்ற அன்னையும் இருந்தார். மருத்துவரான தம் வளர்ப்பு மகன் யஷ்வந்த் ஊருக்கு வெளியே அமைத்த சிகிச்சை நிலையத்திற்கு நோயாளிகளை அழைத்து வந்தார். தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சமூகத்துக் குழந்தை ஒன்றைத் தாமே சுமந்து வந்தார். நோய் அவரையும் பற்றியது; மார்ச் 10-ஆம் நாள் மறைந்தார். தன்னலமற்ற தியாகம்! ஆனால் ஓர் அன்னையின் தோள் எத்தனை குழந்தைகளைச் சுமக்க இயலும்?

இங்கேதான் கேள்வி எழுகிறது: ஏழையின் ஆரோக்கியம் தர்மவான்களின் கொடையா, சமுதாயத்தின் கடமையா?

பணம் இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவ உதவி கிட்டாமல் போகலாகாது என்று 1946-இல் போர் குழு வலியுறுத்தியது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இன்றியமையாத மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. கிராமத்து மூதாட்டி ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை பெறும்போது யாரிடமும் கையேந்துவதில்லை, யாருக்கும் கடன்படுவதில்லை. சாவித்திரிபாயின் தோள் அங்கே ஒரு முறைமையாக வடிவெடுத்திருக்கிறது.

எனினும் முறைமை தானாக அன்பு காட்டாது. மருந்தை நீட்டும் கை கடுமையாக இருந்தால் 1897 மீண்டும் திரும்பும். ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்பவர் தம் கையால் ஒரு நோயாளிக்கு உதவினால் மட்டும் போதாது. தம் கை எட்டாத நோயாளிக்கும் நீதி கிடைக்கக் குரல் கொடுக்க வேண்டும். அதுவும் வழிபாடே.