நான்கு சாட்சிகள்

அட்டனை அடுத்த தோட்டப் பகுதியொன்றில் நாம் ஆசிரியத் தொழில் பார்க்கிறோம். நம் மாணவர் பலரின் தாய்மார் வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்கள். கொழுந்து பறித்த கூலி போதாமையாற் கடல் கடந்தவர்கள். அவர்களுள் ஒருத்தியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பீலிக்கரையிற் பிறந்த ஒரு சொல் வகுப்பறைவரை வந்தது. அவள் மகள் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை.

2015ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவில் இலங்கைப் பணிப்பெண் ஒருவருக்குக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டது. மணமானவர் பிறிதொருவருடன் உறவுகொண்டார் என்பது குற்றச்சாட்டு. உடன் தண்டிக்கப்பட்ட இலங்கை ஆடவர் மணமாகாதவராதலின் அவருக்கு நூறு கசையடி. இலங்கை அரசின் முறையீட்டின் பின் 2016இல் பெண்ணின் தண்டனை மூன்றாண்டுச் சிறையாகக் குறைந்தது.

மணவாழ்வுக்குப் புறம்பான உறவை இஸ்லாமியச் சட்டம் 'ஸினா' என்கிறது. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் அதற்கு நூறு கசையடி விதிக்கிறது. கல்லெறி தண்டனை குர்ஆனில் இல்லை. நபிமொழிகளை ஆதாரமாகக் கொண்டு சட்ட அறிஞர் வகுத்தது அது. அதே அத்தியாயம் இன்னொன்றும் சொல்கிறது: கற்புடைய பெண்மீது பழி சுமத்தி, நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி. சாட்சிகள் செயலை நேரிற் கண்டிருத்தல் வேண்டும் என்றனர் அறிஞர். ஐயத்துக்கு இடமிருப்பின் தண்டனையைத் தவிர்க்கவும், பலாத்காரத்துக்கு உள்ளானவளைத் தண்டியாதிருக்கவும் விதித்தனர். தூற்றும் நாவுக்கு இட்ட கடிவாளம் இது என்பாரின் கூற்றில் உண்மை உண்டு.

ஆனால் ஏட்டுச் சட்டம் ஏழையை வந்தடையும்போது என்னவாகிறது? மணமாகாத பெண்ணின் கருவையே சான்றாகக் கொள்வது மாலிக்கி சட்டப்பள்ளி. 2002இல் நைஜீரியாவின் கட்சினா மாநிலத்தில் அமினா லவால் என்ற பெண் அவ்வாறே மரண தண்டனை பெற்றார். தந்தையெனச் சொல்லப்பட்டவன் மறுத்தான், விடுபட்டான். 2003இல் ஷரீஆ மேன்முறையீட்டு நீதிமன்றமே அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. பெண்ணின் உடல் சாட்சி சொல்லும். ஆணின் உடல் மௌனம் காக்கும். இந்த ஏற்றத்தாழ்வை எந்தக் கசையும் நீக்காது. ஆதலின் மனமொத்த இருவரின் உறவுக்கு அரசு சாட்டையோ கல்லோ எடுப்பதை நாம் ஏற்கவில்லை.

இலங்கையில் அத்தகைய தண்டனை இல்லை. முஸ்லிம் மக்களின் விவாகம், விவாகரத்து முதலியவற்றையே 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காதி நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. அதனால் நம் கைகள் தூயன என்று சொல்லிவிடலாமா? வெள்ளைத் துரைமார் தோட்டத்துப் பெண்களிடம் பிள்ளை பெற்றுக் கைவிட்டுப் போனபோது, லயங்கள் ஏசியது துரையை அன்று, தாயையும் பிள்ளையையுமே. இன்றும் கடல் கடந்தவளின் ஒழுக்கத்துக்கு ஊரே நீதிமன்றம். அங்கே சாட்சியும் இல்லை. பொய்ப்பழிக்குத் தண்டனையும் இல்லை. மனைவி அனுப்பும் பணத்தை மதுக்கடையில் அழிக்கும் கணவனை அந்த நீதிமன்றம் அழைப்பதுமில்லை.

அந்தச் சொல் ஆசிரியர் அறைக்கும் வந்தது. முற்போக்கு பேசும் நாமும் கேட்டுக்கொண்டிருந்தோம். "யார் கண்டது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கடுமையானதென்று நாம் குறைகூறும் சட்டமும், பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, முதலிற் கேட்கச் சொன்ன கேள்வி அதுதான்.

நான்காம் நாள் சிறுமி வந்து கடைசி வாங்கில் அமர்ந்தாள். தலை நிமிரவேண்டியவள் அவளல்லள். குனிய வேண்டியவர் நாமே.