நடுக்கடலில் துடுப்பு

வக்காலத்து என்னும் சொல் நம் மக்கள் நாவில் படும் பாடு விந்தையானது. கல்மண்டபத்துத் தேநீர்க் கடையிலே இருவர் பேசிக்கொண்டிருப்பர். அங்கில்லாத ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டால் போதும், "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?" என்று சீறுவார் மற்றவர். சீறுபவரின் எண்ணம் என்ன? ஒருவனுக்காகப் பேசுகிறவன், அவன் குற்றத்திலும் பங்காளி என்பது! இந்த எண்ணம் தேநீர்க் கடையோடு நின்றால் கேடில்லை. கறுப்பு அங்கிக்குள்ளும் புகுந்துவிடுகிறதே, தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

தோழர்களே! ஏற்றுக்கொண்ட வழக்கை வழக்கறிஞர் இடையிலே கைவிடலாமா? கட்டணம் வரவில்லை என்பதற்காக, கட்சிக்காரர் பொய்யர் என்று தெரிந்துவிட்டதற்காக, அவருடைய போக்கு பிடிக்கவில்லை என்பதற்காக விலகலாமா? சட்டம் கற்றோர் பேசிக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டா. உனக்காகப் பேசுகிறேன் என்று வாக்களித்த ஒருவர் எப்போது வாயை மூடிக்கொள்ளலாம் என்பதே கேள்வி. மேடையேறிப் பிறருக்காகப் பேசும் நமக்கும் அது உரிய கேள்விதான்.

சட்டம் கூறுவது தெளிவு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், மூன்றாம் கட்டளை, நான்காம் விதி: நீதிமன்றத்தில் தாக்கலான வக்காலத்து, கட்சிக்காரரோ வழக்கறிஞரோ இறக்கும் வரை, அல்லது வழக்கு முற்றும் முடியும் வரை உயிரோடிருக்கும். இடையிலே முறிப்பதானால் எழுத்தில் கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளோ, போதிய காரணமும் போதிய முன்னறிவிப்பும் இன்றி விலகலாகாது என்கின்றன. உழைக்காத பகுதிக்குரிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் சொல்கின்றன. கரையிலே நிற்கும்போது "நான் வரவில்லை" என்பது வேறு; நடுக்கடலில் துடுப்பைக் கீழே வைப்பது வேறு. காசிமேட்டு மீனவர்க்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படித் துடுப்பை வைத்தும் நாடு போற்றிய ஒருவர் உண்டு. 1975 ஜூன் 12-ஆம் நாள், ரேபரேலித் தொகுதியில் 1971-இல் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என அலகாபாத் உயர்நீதிமன்றத்து நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா தீர்ப்பளித்தார். வழக்கைத் தொடுத்தவர் ராஜ் நாராயண். தலைமை அமைச்சருக்காக உச்சநீதிமன்றத்தில் எழுந்தவர் நானி பல்கிவாலா. ஜூன் 23-இல் விடுமுறைக்கால நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் முன் வாதாடினார். மறுநாள் நிபந்தனையோடு இடைக்காலத் தடை கிடைத்தது. அவையிலே அமரலாம், பேசலாம், வாக்களிக்க மட்டும் கூடாது! அதற்கடுத்த நாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் சிறையில், ஏடுகளுக்குத் தணிக்கை. (அந்நாளின் கொடுமையைச் சென்னை மத்தியச் சிறையின் சுவர்களும் 1976-இல் கண்டன.) பல்கிவாலா வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செய்தது சரியா? சரி என்றே நம் நெஞ்சம் துள்ளுகிறது. துள்ளட்டும், ஆனால் பகுத்தறிவாளர் நெஞ்சின் துள்ளலை மட்டும் சான்றாகக் கொள்ளலாமா? தேர்தல் வழக்கு வேறு, நெருக்கடி நிலை வேறு. வழக்கிலே பல்கிவாலா ஜூன் 23-இல் எடுத்துரைத்த வாதம், 26-ஆம் நாள் காலையில் பொய்யாகிவிடவில்லை. வழக்குக்கு வெளியே கட்சிக்காரர் செய்த ஒன்றுக்காக வழக்கறிஞர் விலகலாம் என்று பொதுவிதி செய்துவிட்டால், நாளை வெறுக்கப்படும் எவனுக்கும் வழக்கறிஞர் கிடைக்கமாட்டார். ஊரார் காறி உமிழும் ஒருவனுக்காக நிற்பதை விட்டு, "என் மனச்சான்று இடம் தரவில்லை" என்று சொல்லி நழுவுவது எவ்வளவு எளிது!

நாம் பெரிதும் மதிக்கும் தாமஸ் பெயினின் கதையைப் பாருங்கள். "மனிதனின் உரிமைகள்" என்ற நூலுக்காக 1792 டிசம்பரில் இலண்டனில் அவர்மீது வழக்கு. அவர் பிரான்சில் இருந்தார். அவருக்காக வாதாட ஏற்றுக்கொண்டவர் தாமஸ் எர்ஸ்கின். இளவரசரின் வழக்குரைஞர் என்ற உயர்பதவியும் அவரிடம் இருந்தது. விலகிவிடு என்று வற்புறுத்தினர். விலகவில்லை. வழக்கும் தோற்றது, பதவியும் போயிற்று. அன்று அரசரை மதித்த நல்லோர் கண்ணுக்குப் பெயின் ஒரு கொடியவன்! எர்ஸ்கின் தம் காலத்து "நல்லோர்" மனச்சான்றைக் கேட்டிருந்தால், நம் ஆசானுக்காகப் பேச ஒரு நாவும் இருந்திராது.

நம் தமிழகத்திலும் இதே கேள்வி எழுந்தது. கோவையில் காவலர்க்கும் வழக்கறிஞர்க்கும் மோதல் மூண்டபோது, அந்தக் காவலர்க்காக எவரும் வாதாடலாகாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் அனைத்தும் செல்லாதவை என்று அறிவித்தது. அடிபட்ட வழக்கறிஞரின் சினம் நமக்குப் புரிகிறது, தீர்ப்பும் சரியே.

அப்படியானால் பல்கிவாலா தவறிழைத்தாரா? இல்லை என்பேன். அவர் விட்டுச்சென்றது யாரை? நாட்டின் அதிகாரம் அனைத்தையும் கையில் வைத்திருந்தவரை. வேறு பெரிய வழக்கறிஞர்கள் வரிசையில் நின்றனர். மேல்முறையீட்டின் முழு விசாரணை தொடங்கவில்லை. தேர்தல் சட்டமே முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. நவம்பர் 7-இல் அவர் வென்றும் விட்டார். விலகியதால் கட்சிக்காரர் ஒரு மயிரிழை உரிமையும் இழக்கவில்லை. மேலும் ஒன்று: ஜூன் 27-ஆம் நாளைய ஆணை, சிறைப்பட்ட குடிமகன் தன் அடிப்படை உரிமைக்காக நீதிமன்றக் கதவைத் தட்டுவதையே தடுத்தது. ஊராருக்கெல்லாம் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, தமக்கு மட்டும் உள்ளே ஒரு நாவன்மையாளர் வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை ஏது?

ஆகவே வழக்கறிஞரின் மனச்சான்றைப் பற்றியே பேசிக்கொண்டிராமல், அவர் போனபின் அந்த இடத்தில் யார் தனியே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும் என்கிறேன். சிங்காரவேலரும் 1921-இல் தம் அங்கியைத் தீயிலிட்டார். அவர் துறந்தது ஆட்சியின் நீதிமன்றங்கள் அனைத்தையும், ஒரு தனி ஏழையை அன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "தியாகம்" என்று கூவுவோர் உண்டு.

கல்மண்டபத்திலே ஒரு கைம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் மீன் விற்கிறார். கணவர் விட்டுச்சென்ற அரை கிரவுண்டு வீட்டுக்கு மைத்துனன் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்திருக்கிறான். உயர்நீதிமன்ற வளாகத்து உரிமையியல் நீதிமன்றம் அவர் தெருவிலிருந்து சில கல் தொலைவுதான். ஆயினும் வாய்தா நாளெல்லாம் போனால் கூடை காலி. குமாஸ்தா சொல்லும் நாளே அவருக்கு நாள். ஒருநாள் வக்கீல் எழுந்து, "கட்சிக்காரரிடமிருந்து அறிவுறுத்தல் இல்லை" என்கிறார். மூன்றே சொற்கள்! அவர்க்குத் தகவல் இல்லை. எதிர்த்தரப்பு மட்டும் பேச, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடுகிறது. அதை நீக்கக் கோரும் மனுவுக்குக் கெடு தீர்ப்பு நாளிலிருந்து முப்பது நாள். அமீனா வாசலுக்கு வந்த பிறகே தெரிந்தால், காலம் கடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுத் தனி மனு, அதற்கொரு கட்டணம்! வக்கீல் விலகினால் கட்சிக்காரருக்கு நீதிமன்றமே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூறியிருக்கிறது. ஏன் திரும்பத் திரும்பக் கூற நேர்ந்தது? எண்ணிக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞரைப் பழிப்பது என் நோக்கமன்று. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்து அங்கி அணிந்த இளைஞர் பலர், கட்டணம் பாதி வராமல் பேருந்துக் காசுக்கு எண்ணிப் பார்ப்பவர். உழைப்புக்குக் கூலி கேட்பது இழிவன்று. அதை நாமே மறந்தால் யார் நினைப்பார்? கூலி வராவிடில் விலகட்டும். ஆனால் சாட்சி விசாரணைக்கு முதல் நாள் மாலையிலா? கட்டை மேசைக்குள் பூட்டிவைத்துக்கொண்டா? ஒரு கூட்டுறவு வங்கியின் வழக்கறிஞர் அப்படித்தான் கோப்புகளைக் கட்டணப் பாக்கிக்காகப் பிடித்துவைத்தார். அந்த உரிமை வழக்கறிஞர்க்கு இல்லை என்று 2000-இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. பாக்கிக்குத் தனியே வழக்குப் போடலாம், பத்திரத்தைப் பிணையாக்கலாகாது.

பொய்யர் செய்தி வேறு. கட்சிக்காரர் நீட்டுவது போலிப் பத்திரம் என்று தெரிந்தபின் அதை நீதிமன்றத்தில் வைப்பவர் வழக்கறிஞரல்லர், கூட்டாளி. அங்கே விலகுவது உரிமை என்று கூடச் சொல்லமாட்டேன், கடமை. அப்போதும், நம்பிச் சொன்ன இரகசியத்தை எதிராளியின் காதில் ஓதக் கூடாது. வக்காலத்து முடிந்தாலும் அந்தப் பூட்டு திறப்பதில்லை.

நம் இளைஞர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்டிர்க்கும், பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்க்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை எத்தனை வீட்டார்க்கு இது தெரியும்? படிப்பகத்துச் சுவரில் எழுதி வையுங்கள். வக்கீல் விலகிவிட்டார் என்று ஒரு தாய் வந்து நின்றால், வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தா நாளையும் ஒரு தாளில் குறித்து, அன்றே உயர்நீதிமன்ற வளாகத்துச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தீர்ப்பு ஆகிவிட்டிருந்தால், முப்பதில் எத்தனை நாள் மிச்சம் என்பதை முதலில் எண்ணுங்கள்.