தன்வினை என்னும் தீர்ப்பு

ஏ9 வீதியிலே புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அமைந்த கனகராயன்குளம், குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். 2009ஆம் ஆண்டு இடப்பெயர்விலே ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர், உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையைச் சுருக்கிக்கொண்டு, அதன் விளைவாகச் சில ஆண்டுகளிற் குடலையும் இழந்தார் என்ற செய்தி அத்தகைய ஊருக்கு எட்டுமாயின், அது அவர் தாமே தேடிக்கொண்ட வினை என்ற தீர்ப்புத் திண்ணையில் எளிதாகப் பிறந்துவிடும். சமயம் அத்தீர்ப்பை ஒப்புமா?

நேர்வது யாதெனில், இச்சத்திரசிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, கீழிருந்து சிறுகுடலை இழுத்து அதனோடு தைக்கும்போது, குடலைத் தாங்கும் சவ்வுகளிடையே இடைவெளிகள் உண்டாகின்றன; உடல் மெலிந்து அங்குள்ள கொழுப்புக் கரையக் கரைய அவை அகன்று, ஒருநாள் குடல் அவற்றுள் நழுவி முறுக்கிக்கொள்ளுமானால், குருதியோட்டம் நின்று சில மணி நேரத்திற் குடல் அழுகிவிடக்கூடும். அழுகியதை அறுத்தெறிந்தபின் எஞ்சும் சிறுகுடல் 200 சென்ரிமீற்றருக்குக் குறைவாயின், குறுங்குடல் என்னும் அந்நிலையில் உண்பது உடலிற் போதியளவு சேராது. வயிறு நிறைய உண்டும் பட்டினி.

இது நோயாளி தேடிக்கொண்டதே என்பாருக்கு வைத்திய சரித்திரம் வேறொன்றைச் சொல்லும். பருமனைக் குறைக்கவென்றே 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலே தொடங்கிய ஒரு முறையில், வைத்தியர்களே அறிந்து குறுங்குடலை உண்டாக்கினார்கள்; பின்னர் பரவிய அதன் வடிவமொன்றில் உணவு செல்லும் வழியாக ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் சிறுகுடலை மட்டுமே விட்டு, மிகுதியை ஒதுக்கி வைத்தனர். ஈரல் கெட்டும் சிறுநீரகத்திற் கல் விழுந்தும் பலர் வருந்திய பின்னரே அம்முறை கைவிடப்பட்டது. அவ்வினையை யார் கணக்கில் எழுதுவது?

வினை சடமாதலின் தானே சென்று செய்தவனைப் பற்றமாட்டாது, இறைவனே அதனைக் கூட்டுவிப்பான் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. ஆகவே அயலவன் அக்கணக்கைப் படித்துச் சொல்லப் புகுவது இறைவனது ஆசனத்தில் ஏறி அமர்வதாகும். கோயிற் படியிலிருந்து அதைச் செய்பவரே அதிகம் என்பது வேறு விஷயம். அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரிலே, இறைவனது தண்டத்தைக்கூட நோய் தீர்க்க அறுத்துக் கீறும் மருத்துவனது செயலோடு வைத்தே விளக்குகிறார். அங்கே தண்டிப்பதும் குணப்படுத்தற்கே.

மணிமேகலைக் காப்பியத்துக் காயசண்டிகை நினைவுக்கு வருகிறாள். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பழுக்கும் விருச்சிக முனிவரின் நாவற்கனியை மிதித்துச் சிதைத்தவள் அவளே. எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் பசி அவளைப் பற்றியது அதனாலேயே. தன்வினைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ஆயினும் மணிமேகலை, நயினாதீவே என்று பலர் கொள்ளும் மணிபல்லவத்திற் பெற்ற அமுதசுரபியிலிருந்து அவளுக்குச் சோறிட்டபோது, குற்றம் யாருடையது என்று விசாரிக்கவில்லை. நோய் நீங்கித் தன்னூர் திரும்பிய காயசண்டிகை விந்தமலையருகே மாண்டாள் என்பதையும் நூலாசிரியர் சாத்தனார் மறைக்கவில்லை. அதனால் இட்ட பிடி சோறு வீணென்று எவரும் சொன்னதுமில்லை.

எனினும் கருணை மட்டும் போதாது. நம் திருவிழாக்களிலே தண்ணீர்ப்பந்தல் வைப்பது பெரும் புண்ணியம்; ஆனால் பெருங்குடலின் துணையுமின்றிக் குறுங்குடலின் முனை வயிற்றுக்கு வெளியே திறக்கப்பட்ட நோயாளி தாகத்தால் வெறுந்தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, உடலின் உப்பு அதனோடு வெளியேறித் தாகம் வளரும். அவருக்கு வேண்டியது உப்பும் சீனியும் அளவாகக் கலந்த நீர், அதுவும் சிறிது சிறிதாக. அறியாத அன்பு நீட்டும் செம்பு அங்கே தீங்கு செய்யும்.

சேராத போஷாக்கைப் பெருநாளத்தின் வழியே செலுத்துவர். எஞ்சிய குடல் ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு தன்னைப் பழக்கிக்கொள்ளவும் கூடும். இந்நோயாளிகளுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு: ஒதுக்கி வைக்கப்பட்ட இரைப்பை அழியாமல் இருந்தால், அதனை மீண்டும் உணவு வழியில் இணைத்து, முன்பு விலக்கிய குடற்பகுதியையும் பயனுக்குக் கொண்டுவரலாம். அவ்வாறு இணைத்தபின் பழைய பருமனும் திரும்பலாம்; வைத்தியர் அதை முன்கூட்டியே சொல்லித்தான் சம்மதம் பெறுகிறார்.